முளைத்த பின் வரும் மூன்று வாரம்: வீட்டுக்குள் வளரும் நாற்றுக்குத் தண்ணீரும் வெளிச்சமும்

விதை முளைப்பது பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும். ஈரமும் சூடும் கிடைத்தால் போதும், சேலத்தில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. தக்காளி ஐந்தாறு நாளில் தலைகாட்டும், கத்தரி ஒரு வாரத்தில், மிளகாய் பத்து நாள் வாக்கில். தொல்லை தொடங்குவது அதற்குப் பிறகுதான். நூல் போல மெலிந்து நீண்டு சாய்ந்துவிடும். இல்லையென்றால் நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று காலை அடியில் கருகி விழுந்து கிடக்கும். "விதை சரியில்லை" என்று கடைக்காரரைத்தான் குறை சொல்வோம். உண்மையில் இந்தச் சாவுகளில் பெரும்பங்கு இரண்டே காரணங்களால் வருகிறது: வெளிச்சம் போதவில்லை, தண்ணீர் அதிகமாகிவிட்டது. அதுவும் இரண்டும் சேர்ந்தே வரும்.

வெளிச்சத்தையும் தண்ணீரையும் ஒரே கணக்காகப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது. இலை மேல் வெளிச்சம் படும்போதுதான் நாற்று வேரிலிருந்து தண்ணீரை இழுக்கும். இருட்டு மூலையில் இருக்கும் நாற்று அவ்வளவு குடிக்காது. நாம் ஊற்றியது அப்படியே வேரைச் சுற்றித் தேங்கும். அதனால் "தினமும் ஒரு தடவை தண்ணீர்" என்று எந்த விதியும் சொல்ல முடியாது. ஜன்னலோரத்துக்கு ஒரு கணக்கு, ட்யூப்லைட்டின் கீழே வேறு கணக்கு, ஏற்காட்டு மூடுபனியில் இன்னொரு கணக்கு.

நாற்றை ஏன் வீட்டுக்குள் வளர்க்க வேண்டும் என்று கேட்கலாம். சித்திரை, வைகாசியில் சேலத்து மொட்டைமாடியில் குழித்தட்டை வைத்தால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஐப்பசி மழை சின்ன முளையை மண்ணோடு சேர்த்து அடித்துவிடும். அணில், எறும்பு, குருவி என்று பங்குதாரர்கள் வேறு. ஆடிப்பட்டத்துக்கு நாற்று தயாராக இருக்க வேண்டுமென்றால் வைகாசிக் கடைசியிலோ ஆனி முதலிலோ, அந்தச் சூட்டிலேயே விதைத்தாக வேண்டும். அப்போது வீட்டுக்குள் ஜன்னலோரம்தான் பாதுகாப்பான இடம்.

படி 1: முளை தெரிந்த அன்றே மூடியை எடுங்கள்

விதைத்தவுடன் தட்டின் மேல் பாலித்தீன் தாளோ, ஈரச் சாக்கோ, பிளாஸ்டிக் மூடியோ போட்டிருப்பீர்கள். ஈரம் காயாமல் இருக்க அது சரி. ஆனால் பாதி விதைகள் தலைகாட்டியதுமே அதை எடுத்துவிட வேண்டும். எல்லாம் முளைக்கட்டும் என்று காத்திருந்தால் முன்னால் முளைத்தவை கெட்டுப்போகும். இருட்டில் முளை ஒளியைத் தேடி எவ்வளவு வேகமாக நீளும் என்பதை ஒரே இரவில் பார்த்துவிடலாம். மாலையில் வளைந்த கொக்கியாகத் தெரிந்தது காலையில் நீண்ட வெள்ளைத் தண்டாக நிற்கும். நீண்ட தண்டு மறுபடி குட்டையாகாது.

முதலில் விரிகிற இரண்டு இலைகள் வித்திலைகள். விதையில் சேமித்து வைத்திருந்த உணவை வைத்துத்தான் அவை வருகின்றன. அடுத்த சில நாள் அந்தச் சேமிப்பே நாற்றுக்குப் போதும், உரம் எதுவும் தேவையில்லை. ஆனால் வெளிச்சம் முதல் நாளிலிருந்தே வேண்டும். சேமிப்பு தீர்வதற்குள் இலை தானே சமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூடியை எடுத்த கையோடு தட்டைத் தூக்கி நல்ல வெயிலில் வைத்துவிடாதீர்கள். ஈரக் காற்றிலிருந்து சட்டென்று வறண்ட வெயிலுக்கு வந்தால் வித்திலை ஓரம் கருகும். ஜன்னல் வெளிச்சம் போதும்.

படி 2: எந்த ஜன்னல்?

"தெற்குப் பார்த்த ஜன்னல்தான் நல்லது" என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதியது. அங்கே மதியச் சூரியன் வருடம் முழுக்க தெற்கு வானத்தில்தான் போகும். சேலம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினொன்றரை டிகிரி அளவில். இங்கே ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். அந்த இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட நான்கு மாதமும் மதியச் சூரியன் நமக்கு வடக்கே போகிறது. அதனால் ஆனி, ஆடியில் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது; காலையும் மாலையும் சாய்ந்த வெயில் வடக்கு ஜன்னலில்தான் எட்டிப் பார்க்கும். மார்கழி, தையில் இது தலைகீழாகும். சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்து போவதால் தெற்கு ஜன்னலில் சன்ஷேடையும் மீறி வெயில் உள்ளே வரும். நாற்று வைக்க அந்த மாதங்களில் அருமையான இடம் அது.

வருடம் முழுக்க நம்பக்கூடியது கிழக்கு ஜன்னல்தான். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை விழும் இளவெயில் நாற்றைச் சுடாது, அதே சமயம் தண்டைத் திடமாக்கும். மேற்கு ஜன்னல் மாசி முதல் ஆனி வரை வேண்டவே வேண்டாம். மூன்று மணிக்கு மேல் அடிக்கிற வெயிலில் ஜன்னல் திட்டே சுடும், கம்பியும் கண்ணாடியும் சேர்ந்து சூட்டைத் திருப்பி அடிக்கும். வேறு வழியில்லை என்றால் மெல்லிய வெள்ளை வேட்டித் துணியைத் திரையாகக் கட்டி, தட்டைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள்.

ஜன்னலைத் தேர்ந்தெடுத்த பிறகும் மூன்று விஷயங்கள் வெளிச்சத்தைத் திருடும். ஒன்று, கொசுவலை. தூசி படிந்த வலை உள்ளே வரும் வெளிச்சத்தில் நல்ல பங்கைத் தடுத்துவிடும். துடைத்து வையுங்கள், நாற்று இருக்கும் வாரங்களில் பகலில் மட்டும் திறந்து வைத்தாலும் நல்லது. இரண்டு, கறுப்பு அல்லது பச்சைச் சாயக் கண்ணாடி. மூன்று, தூரம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஜன்னலுக்கு ஓர் அடியில் இருக்கும் வெளிச்சத்துக்கும் நாலடி தள்ளி இருக்கும் வெளிச்சத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, ஆனால் நம் கண் அதைச் சமன் செய்துகொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வெளியே உச்சி வெயிலில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். இரவில் ட்யூப்லைட் போட்ட கூடத்தில் சில நூறு லக்ஸ்தான். நமக்கு இரண்டுமே "வெளிச்சம்". தக்காளி, மிளகாய் நாற்றுக்குப் பத்தாயிரம் லக்ஸ் அளவுக்காவது கிடைத்தால்தான் திடமாக வரும்.

கருவி எதுவும் இல்லாமல் சோதிக்க ஒரு வழி. காலை பத்து மணிக்கு நாற்றுத் தட்டு இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். நிழலில் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் போதுமான வெளிச்சம். கை இருக்கிறது என்று மட்டும் மங்கலாகத் தெரிந்தால் கீரைக்கு ஒப்பேறும், தக்காளிக்குப் போதாது. நிழலே விழவில்லை என்றால் அது நாற்றுக்கான இடமே இல்லை.

ஜன்னலோர நாற்று கண்ணாடிப் பக்கம் சாயும். தினமும் காலையில் தட்டை அரைவட்டம் திருப்பி வையுங்கள். அறைப் பக்கத்தில் வெள்ளை தெர்மோகோல் அட்டையையோ, அலுமினியத் தாள் ஒட்டிய அட்டையையோ நிறுத்தினால் வெளிச்சம் திரும்பி மறுபக்கமும் படும். செலவில்லாத ஏற்பாடு, பலன் நிறைய.

படி 3: ஜன்னல் இல்லாத வீட்டுக்கு ட்யூப்லைட்

சேலத்தில் குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பக்கவாட்டு ஜன்னலுக்கே இடமிருக்காது. முன்வாசலும் பின்கட்டும்தான் வெளிச்சம் வரும் வழி. அந்த மாதிரி வீட்டில் விளக்கு வைத்தே நல்ல நாற்று எடுக்கலாம்.

நாலடி நீள 20 வாட்ஸ் எல்.இ.டி. ட்யூப், வெள்ளை வெளிச்சம் தருவது, மின்சாமான் கடையில் எங்கும் கிடைக்கும். அட்டையில் 6500 கே என்று போட்டிருக்கும். சிவப்பும் நீலமும் கலந்த செடி விளக்குகளுக்குப் பணம் போட வேண்டாம் என்பேன். நாற்றுப் பருவத்துக்குச் சாதாரண வெள்ளை விளக்கே போதும், அதில் இலையின் உண்மையான நிறம் தெரியும் என்பதால் நோயையும் உடனே கண்டுபிடிக்கலாம். பழைய குண்டு பல்பு கூடாது, அது வெளிச்சத்தைவிடச் சூட்டைத்தான் அதிகம் தரும்.

விளக்கு எவ்வளவு உயரத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுவரில் எட்டடி உயரத்தில் இருக்கும் ட்யூப் நாற்றுக்கு இல்லாத மாதிரிதான். இலைநுனிக்கும் விளக்குக்கும் நடுவே நாலு முதல் ஆறு அங்குலம் இருக்க வேண்டும். ட்யூபை இரண்டு கயிற்றில் தொங்கவிட்டு, நாற்று வளர வளர முடிச்சை ஏற்றிக்கொண்டே போகலாம். கயிறு கட்ட முடியாத இடத்தில் விளக்கை நிலையாக வைத்துவிட்டு, தட்டுக்குக் கீழே செங்கல்லை அடுக்கி, வளர வளர ஒவ்வொன்றாக உருவுங்கள். கீரைக்கு ஒரு ட்யூப் போதும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு இரண்டு ட்யூபைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டுங்கள்.

நேரம்: ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம். நம் ஊர்ப் பகல் மார்கழியில் பதினொன்றரை மணி நேரம், ஆனியில் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் வரும். விளக்கு வெளிச்சம் வெயிலைவிட மங்கல் என்பதால் நேரத்தைக் கூட்டி ஈடுகட்டுகிறோம். 24 மணி நேரமும் எரியவிட வேண்டாம், நாற்றுக்கு இரவு வேண்டும். தக்காளி இலை தொடர் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். இரண்டு ட்யூப் 15 மணி நேரம் எரிந்தால் 0.6 யூனிட், மாதத்துக்கு 18 யூனிட். நடுவில் ஒரு மணி நேரம் கரண்ட் போனால் கவலைப்பட எதுவும் இல்லை.

படி 4: நீண்டு மெலிந்துவிட்டால்

தக்காளி என்றால் காப்பாற்றலாம். அதன் தண்டில் எங்கே ஈரமண் பட்டாலும் வேர் விடும். வித்திலைக்கு அடுத்து வரும் உண்மை இலை இரண்டு வந்ததும் ஆழமான கப்புக்கு மாற்றி, வித்திலைக்குச் சற்றுக் கீழே வரை தண்டைப் புதைத்துவிடுங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இந்த அளவு தாராளம் கிடையாது. லேசாக மண் அணைக்கலாம், ஆழமாகப் புதைத்தால் அழுகும். முள்ளங்கி, கீரை வகைகள் ரொம்ப நீண்டுவிட்டால் மறுபடி விதைப்பதே சுலபம்.

எல்லா நாற்றுக்கும் பொதுவான ஒரு மருந்து, அசைவு. மேசை விசிறியை எதிர்ச்சுவர் பார்த்துத் திருப்பி, நாற்று லேசாக ஆடும் அளவுக்குக் காற்று வரும்படி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிடுங்கள். அல்லது போகும்போதும் வரும்போதும் உள்ளங்கையால் மேலாக வருடிவிடுங்கள். அசைவு பட்ட தண்டு குட்டையாகவும் தடிமனாகவும் வளரும். மேல் மண் காய்ந்து பூஞ்சையும் அடங்கும். ஆனால் விசிறி ஓடும் அறையில் தட்டு சீக்கிரம் காயும் என்பதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: எப்போது தண்ணீர்?

கைகள் துறுதுறுக்கும் இடம் இதுதான். வெளிச்சத்துக்காக நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான், தண்ணீர் மட்டும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அன்பு அதிகமாகும்போது தண்ணீரும் அதிகமாகிறது.

முதலில் வளர்ப்பு ஊடகம். சேலத்தில் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு, கடையில் கோகோபீட் என்று கேட்டால் தருவார்கள். அது ஏமாற்றும் பொருள். மேலே வெளிறிக் காய்ந்த மாதிரி இருக்கும், அரை அங்குலம் கீழே நல்ல ஈரம் இருக்கும். மேல் நிறத்தை மட்டும் பார்த்து ஊற்றினால் அடியில் எப்போதும் சேறுதான். அதனால் மூன்று சோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள்.

நிறம் வெளிறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சுண்டுவிரலையோ ஒரு தீக்குச்சியையோ அரை அங்குலம் செருகி எடுங்கள். ஈரத்துகள் ஒட்டி வந்தால் தண்ணீர் வேண்டாம். கடைசியாக, தட்டைத் தூக்கிப் பாருங்கள். இதுதான் நம்பகமானது. தண்ணீர் குடித்து வடிந்த தட்டின் கனத்தையும் காய்ந்த தட்டின் கனத்தையும் ஒரு தடவை கையில் பழகிவிட்டால் அப்புறம் விரலே தேவைப்படாது. காய்ந்த தட்டின் கனத்துக்குக் கிட்டே வந்ததும் ஊற்றுங்கள், முழுக்கக் காயும் வரை விடாதீர்கள். கோகோபீட் ஒரு முறை வறண்டுவிட்டால் தண்ணீரை ஏற்காது, ஊற்றியது ஓரமாகவே ஓடிவிடும்.

நாற்று வாடி நிற்பதை மட்டும் நம்பி ஊற்றவும் கூடாது. வேர் மூச்சுத் திணறி அழுகினாலும் இலை இதே மாதிரிதான் தொங்கும். வாடியிருக்கிறது, தட்டும் கனமாக இருக்கிறது என்றால் தண்ணீர்தான் நோய். ஊற்றாமல் காற்றோட்டமான வெளிச்சத்தில் வையுங்கள்.

காலநிலைக்கு ஓர் உத்தேசம் சொல்கிறேன். சித்திரை, வைகாசியில் 98 குழித் தட்டு கிழக்கு ஜன்னலில் இருந்தால் காலை ஒரு தடவை, மாலை நாலு மணிக்கு ஒரு தடவை சோதிக்க வேண்டும். பல நாள் இரண்டு வேளையும் தேவைப்படும். அந்தக் குழிகள் அவ்வளவு சின்னவை. அதே நாற்று தயிர் கப்பில் இருந்தால் ஒரு வேளை போதும். ஐப்பசி, கார்த்திகையில் மேகமூட்டமும் ஈரக் காற்றும் சேர்ந்தால் இரண்டு நாளைக்கு ஒரு தடவைகூட அதிகமாகலாம். வெளிச்சம் குறையும் நாளில் தண்ணீரையும் குறையுங்கள்.

நேரம் காலைதான். பகலில் நாற்று குடிக்கும், மேல் மண்ணும் இலையும் மாலைக்குள் காய்ந்துவிடும். இரவில் ஈரத்தோடு நிற்கும் நாற்றைத்தான் பூஞ்சை பிடிக்கும்.

படி 6: எப்படி ஊற்றுவது?

அடியிலிருந்து கொடுப்பதே சிறந்தது. அகலமான ட்ரே ஒன்றில் அரை அங்குலத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அடியில் ஓட்டையுள்ள தட்டையோ கப்புகளையோ அதில் இறக்குங்கள். தண்ணீர் தானே மேலே ஏறும். 15, 20 நிமிடத்தில் மேல் பரப்பு கறுத்து ஈரமாவது தெரியும். உடனே எடுத்து, மீதித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ட்ரேயில் தண்ணீரை விட்டுவைப்பது மேலே இருந்து அதிகமாக ஊற்றுவதற்குச் சமம். இப்படிக் கொடுத்தால் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும், மேல் மண் ஓரளவு காய்ந்தே இருக்கும், மெல்லிய தண்டும் அடிபடாது.

முளைத்த முதல் மூன்று நான்கு நாள் மட்டும் கை ஸ்ப்ரேயர் தேவைப்படலாம். வேர் அப்போது மேலேயே இருக்கும். நுண்ணிய பனியாக, இலைக்கு மேல் படாமல் மண் பக்கமாக அடியுங்கள். விதையுறை தொப்பியாக வித்திலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு துளி விட்டு, பத்து நிமிடம் ஊறிய பிறகு மெதுவாகக் கழற்றலாம். காய்ந்திருக்கும்போது இழுத்தால் இலையோடு பிய்ந்து வரும். அதற்குப் பிறகு ஸ்ப்ரேயரை எடுத்து வைத்துவிடுங்கள். அது மேலே மட்டும் நனைக்கும், அடி வறண்டே இருக்கும்.

கடைசியாக, ஒரு கைப்பிடி கோகோபீட்டை எடுத்து இறுக்கிப் பிழிந்தால் இரண்டொரு சொட்டுக்கு மேல் தண்ணீர் வரக்கூடாது. அதுதான் சரியான ஈரம்.

படி 7: எந்தத் தண்ணீர்?

சேலத்து வீடுகளில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு உண்டு. நல்ல தண்ணீர் மேட்டூரிலிருந்து வரும் காவிரி. உப்புத் தண்ணீர் போர் தண்ணீர். நகரத்துக்கு வடக்கே மேக்னசைட் என்ற மெக்னீசியக் கனிமம் வெட்டும் வெள்ளைக்கல் பூமி இருப்பது எல்லோருக்கும் தெரியும். இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் கால்சியத்தோடு மெக்னீசியமும் சேர்ந்து கடினத்தன்மை கூடியிருக்கும். பெரிய செடி தாங்கும். நாற்று இருப்பது நாலு கரண்டி கோகோபீட்டில், அதில் உப்பு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். குழி ஓரங்களில் வெள்ளைப் படிவம், இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக மீதி மஞ்சளாவது, இரண்டும் அதன் அடையாளம்.

நாற்றுக்குத் தேவைப்படுவது ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டம்ளர்தான். அதற்குக் காவிரித் தண்ணீரையே கொடுத்துவிடுங்கள். குளோரின் வாடை இருந்தால் திறந்த வாளியில் ஒரு இரவு வைத்தால் போகும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது இல்லை. போர் தண்ணீரைத் தவிர வேறு கிடையாது என்றால் வாரம் ஒரு தடவை மேலிருந்து தாராளமாக ஊற்றி, அடியில் நன்றாக வடியவிட்டு உப்பைக் கழுவுங்கள். ஆர்.ஓ. கருவி கழிக்கும் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். உப்பு முழுக்க அதில்தான் சேர்ந்திருக்கிறது. "வீணாகப் போகிறதே" என்று செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீட்டில் உண்டு. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சூடு. சித்திரை மதியம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். காலையிலேயே பிடித்து நிழலில் வைத்த தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 8: நாற்றழுகல் வந்தால்

மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு நீர்கோத்து, இடுக்கி வைத்து நசுக்கியது போல் சுருங்கி, மேல் இலை பச்சையாக இருக்கும்போதே நாற்று சரிந்து விழுந்தால் அது நாற்றழுகல். ரைசோக்டோனியா போன்ற மண் பூஞ்சைகள், பித்தியம் என்ற பூஞ்சை மாதிரியான கிருமி ஆகியவற்றின் வேலை. விழுந்த நாற்று பிழைக்காது. பக்கத்தில் இருப்பவற்றைக் காப்பாற்றுவதுதான் நோக்கம்.

விழுந்ததை மண்ணோடு சேர்த்துக் கரண்டியால் அள்ளி எடுத்துவிடுங்கள். தண்ணீரை ஒரு நாள் நிறுத்தி, விசிறியும் வெளிச்சமும் கூட்டுங்கள். நெருக்கமாக முளைத்திருந்தால் கத்தரிக்கோலால் அடியில் வெட்டிக் கலையுங்கள்; பிடுங்கினால் பக்கத்து வேரும் கிளம்பிவிடும். ஒரு குழிக்கு ஒரு நாற்று போதும், இரண்டில் நல்லதை வைத்துக்கொள்ள மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

வருமுன் காப்பது இதைவிட எளிது. டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை விதையில் கலந்து விதைப்பது நல்ல பழக்கம். பண்ணைக் கணக்கு ஒரு கிலோ விதைக்கு 4 கிராம். வீட்டுப் பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை. பழைய தட்டையும் கப்பையும் சோப்பு போட்டுக் கழுவி ஒரு நாள் முழு வெயிலில் காயவையுங்கள். தோட்டத்துச் செம்மண் கலப்பதாக இருந்தால், சித்திரையிலேயே நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி மொட்டைமாடியில் நாலைந்து வாரம் போட்டு வைத்தால் சேலத்து வெயிலே கிருமியைக் கொன்றுவிடும்.

மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈக்கள் கிளம்பினால் அதுவும் ஈரம் மிஞ்சியதற்கான அறிகுறிதான். அவற்றின் புழு மெல்லிய வேரைத் தின்னும். மேல் மண்ணைக் காயவிட்டு, மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றை வைத்தால் அடங்கும்.

படி 9: ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு

சேலம் கடல்மட்டத்துக்கு 280 மீட்டர் வாக்கில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் காலநிலையே மாறிவிடும், நாற்றுக் கணக்கும் அப்படித்தான். சூடு குறைவு என்பதால் மிளகாயும் கத்தரியும் முளைக்கவே இன்னும் ஒரு வாரம் கூடுதலாகப் பிடிக்கும். தட்டைக் குளிர்ந்த தரையில் வைக்காமல் மர அலமாரியில், முடிந்தால் அடுப்படிச் சுவர் ஓரமாக முளைக்கவிட்டு, முளை தெரிந்ததும் ஜன்னலுக்குக் கொண்டுபோங்கள்.

அங்கே பெரிய சிக்கல் மழை மாதங்களின் மூடுபனி. நாள் கணக்கில் வெயில் தெரியாது, சில்வர் ஓக் நிழல் வேறு. ஈரம் காயவே காயாது. அந்த மாதங்களில் ட்யூப்லைட் இல்லாமல் தக்காளி நாற்று எடுப்பது கடினம். தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவை போதும், அதுவும் காலை பத்து மணிக்கு மேல். பனிக்காலத்தில் குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாமல், அறைச் சூட்டுக்கு வரும் வரை வைத்திருந்து ஊற்றுங்கள்.

வெளிச்சத்துக்குப் பழக்குவதைக் காப்பித் தோட்டத்து நாற்றங்காலில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். காப்பி விதை முளைக்க ஒன்றரை மாதம் ஆகும். தலையில் விதையோடு நிற்கும் தொப்பிப் பருவத்தில் அதைப் பாலித்தீன் பைக்கு மாற்றுவார்கள். மேலே பந்தல் நிழல் இருக்கும். அந்த நிழலை ஒரே நாளில் எடுக்க மாட்டார்கள், வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். தக்காளி நாற்றுக்கும் அந்தப் பொறுமையைத்தான் காட்ட வேண்டும்.

கோடை விழாவுக்குப் போய்விட்டுப் பூநாற்று வாங்கி வரும் சேலத்துக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மலைக் குளிரில் வளர்ந்த நாற்று அது. சாத்திய காருக்குள் வைத்துவிட்டு வழியில் சாப்பிடப் போகாதீர்கள். மாலையில் கீழே இறங்கி, ஒரு வாரம் கிழக்கு வராண்டா நிழலில் வைத்த பிறகே வெயில் காட்டுங்கள்.

படி 10: உண்மை இலை வந்த பிறகு

வித்திலைக்கு மேல் இரண்டு உண்மை இலை விரிந்ததும் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். கோகோபீட்டில் சத்து அநேகமாகக் கிடையாது. மண்புழு உரத்தை ஒன்றுக்குப் பத்துத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, வடிகட்டி, வாரம் ஒரு முறை தண்ணீருக்குப் பதிலாக அடியிலிருந்து கொடுங்கள். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரம் வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு ஒரு கிராமோடு நிறுத்திக்கொள்ளலாம். காய்ந்த மண்ணில் உரத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், லேசான ஈரம் இருக்க வேண்டும். ட்யூப்லைட் ஒன்றின் கீழே மட்டும் வளரும் நாற்றுக்கு உரத்தையும் பாதியாக்குங்கள். வெளிச்சம் இல்லாமல் உரம் கொடுத்தால் மறுபடி நெட்டையாகத்தான் போகும்.

படி 11: வெயிலுக்குப் பழக்குதல்

தக்காளி 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடுவதற்கு வரும். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பழக்கத் தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் காலை ஏழிலிருந்து எட்டு வரை. அப்புறம் தினமும் அரை மணி, ஒரு மணி கூட்டி, வாரக் கடைசியில் காலை முழுவதும். கோடையில் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வெளியே வைக்காதீர்கள், ஐம்பது சதவீதப் பச்சை நிழல்வலை இருந்தால் அதன் கீழே வைக்கலாம். இலையில் தாள் நிறத்தில் வெளிறிய திட்டுகள் விழுந்தால் வெயில் சுட்டிருக்கிறது. இரண்டு நாள் பின்வாங்கி மறுபடி தொடங்குங்கள். புதிய இலை சரியாக வந்துவிடும்.

இந்த வாரத்தில் தண்ணீரை லேசாக இழுத்துப் பிடிக்கலாம். இலை நுனி சற்றுத் தளரும்போது கொடுத்தால் போதும். தண்டு இறுகும், நிறம் கரும்பச்சையாகும். ஆனால் வெயில் கூடும்போது குடிப்பதும் கூடும், அதனால் தட்டைத் தூக்கிப் பார்க்கும் பழக்கத்தை இந்த வாரம் விட்டுவிடாதீர்கள்.

நடுவதற்கு முந்தின இரவு தட்டை நன்றாக நனைத்து வையுங்கள், குழியிலிருந்து வேர்க்கட்டி உடையாமல் வரும். மாலை நாலரைக்கு மேல் நடுங்கள். நட்ட உடனே ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். அந்த மூன்று நாளும் மதியத்தில் ஒரு கூடையையோ தென்னை ஓலைக் கீற்றையோ மேற்குப் பக்கம் நிறுத்தி நிழல் கொடுங்கள்.